முரளிக்கு, புது கியர் வரும் என்ற பேச்சைப் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். டுவீட் பள்ளத்தாக்கில் மழை ஓயவில்லை, கிளென்ட்ரெஸ் பாதை முழுக்கச் சேறு என்று எழுதியிருந்தாய். உன் மலைச் சைக்கிளின் கியர் குதிக்கிறது, அதிர்வு தாங்கும் பின்பக்க ஷாக் எவ்வளவு காற்றடித்தாலும் உட்கார்ந்தே இருக்கிறது, இந்த நேரத்தில் புது ஃபிரேம் வாங்கலாமா, அல்லது வரப்போவதாகச் சொல்லும் பாகங்களுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் எவ்வளவு செலவு செய்யலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வரப்போகும் பாகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று காப்புரிமைப் படம். பொதுவாக ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஆக, நீ இன்று பார்த்து வியக்கும் படம் ஒன்றரை வருடப் பழைய யோசனை. அதில் பல கடைக்கே வராது. இன்னொன்று பந்தயக் களம். ஃபோர்ட் வில்லியம் போன்ற உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓட்டுபவர்களின் வண்டியில் கறுப்பு டேப் சுற்றிய ஷாக்கையோ செயினைக் கியர் மாற்றும் டெரெய்லியரையோ யாராவது படமெடுத்துவிடுவார்கள். இது ஓடுகிற பொருள், அதனால் காப்புரிமைப் படத்தைவிட நம்பலாம். ஆனாலும் எப்போது வரும், என்ன விலை, உன் வண்டியில் மாட்டுமா என்பதற்குப் படத்தில் பதில் இருக்காது.

நான் பார்க்கச் சொல்வது ஃபிரேமில் இருக்கும் ஓட்டைகளை. 2019-ல் சைக்கிள் பாக நிறுவனமான ஸ்ராம், யூடிஹெச் என்ற பொது ஹேங்கரை, அதாவது டெரெய்லியரை ஃபிரேமில் மாட்டும் துண்டை, வெளியிட்டது. எந்த ஃபிரேம் தயாரிப்பாளரும் உரிமைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அப்போது பலரும் இதை, ஃபிரேமுக்கு ஒரு ஹேங்கர் தேடி அலையும் தொல்லை தீர்ந்தது என்ற அளவில்தான் பார்த்தார்கள். 2023 மார்ச்சில் ஸ்ராமின் ஈகிள் டிரான்ஸ்மிஷன் என்ற கியர் தொகுதி வந்தது. அதில் ஹேங்கரே கிடையாது. யூடிஹெச் உட்காரும் அதே ஓட்டையில் டெரெய்லியர் நேராக ஃபிரேமைக் கவ்விக்கொள்கிறது. நான்கு வருடம் முன்பே வரப்போவதைச் சொன்னது அந்த ஓட்டை. 2025-ல் வந்த கேபிள் வகையான ஈகிள் 90, ஈகிள் 70 இரண்டுக்கும் அதே ஓட்டைதான் வேண்டும்.

இன்னொரு பாக நிறுவனமான ஷிமானோ பக்கம் பார். எக்ஸ்டிஆர் என்ற மேல்தரக் கியர் தொகுதியின் கம்பியில்லாத வகை வரும் என்று வருடக்கணக்கில் பேச்சு ஓடி, 2025 ஜூனில்தான் எம்9250 வந்தது. கியர் எண்ணிக்கை அதே 12. பின் பல்சக்கர அடுக்கான கேசட்டை மாட்டும் ஃப்ரீஹப் உருளை அதே மைக்ரோ ஸ்ப்லைன், 2018-ல் வந்தது. காத்திருந்தவனுக்கும் காத்திராதவனுக்கும் பின் சக்கரம் ஒன்றே. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ கதை வேறு. ஃபாக்ஸ் நிறுவனம் 2025-ல் கொண்டுவந்த தலைகீழ் ஃபோர்க்கான போடியத்துக்கு 20 மில்லிமீட்டர் ஆக்சில் (சக்கர அச்சு) வேண்டும். உன் முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் 15 மில்லிமீட்டர். ஹப்பை மாற்றாமல் அதைப் போட முடியாது.

அதனால் ஃபிரேம் வாங்கும்போது மூன்றே விஷயம் கேள். பின்னால் யூடிஹெச் இருக்கிறதா? ஷாக் அளவு 2016-ல் தொடங்கிய மெட்ரிக் வரிசையில், அதாவது 210×55, 230×60, 230×65 (நீளம்×அமுங்கும் தூரம், மில்லிமீட்டரில்) போன்றவற்றில் ஒன்றா? பழைய 200×57, 216×63 அளவு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், புது ஷாக்குகள் அந்த அளவில் அரிதாகவே வருகின்றன. மூன்றாவது, ஷாக்கை ஃபிரேமின் அசையும் இணைப்போடு சேர்க்க யோக் என்ற நீளமான கவை இருக்கிறதா? அது நெம்புகோல் போல ஷாக்கின் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். சீல் ஒருபக்கமாகத் தேயும், காற்றுக்குப் பதில் கம்பிச்சுருள் உள்ள காயில் ஷாக் போட்டால் தண்டே முறிய வாய்ப்புண்டு. காயில் போட ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள். இந்த மூன்றும் சரியென்றால் நாளைக்கே வாங்கு. எந்தப் பேச்சுக்காகவும் நிற்காதே.

இனி உன் கியர். "குதிக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறாய், அதில் இரண்டு வகை உண்டு. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் ஒரு கணம் வெறுமையாகிக் கீழே போய், 'டக்' என்று பிடிக்கிறதென்றால் செயின் பல்லின் மேல் ஏறித் தாண்டுகிறது. அது தேய்மானம். அழுத்தாமலே ஓயாமல் கடகடவென்று சத்தம் போட்டுப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குப் போக முயன்றால் ஹேங்கரோ கேபிளோ காரணம்.

முதலில் செயினை அள. செயின் அளவி இல்லாவிட்டால் இரும்பு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வை. அங்கிருந்து 24-வது பின்னின் நடு சரியாக 304.8 மில்லிமீட்டரில், அதாவது 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 306.3-ஐத் தொட்டுவிட்டால் அரை சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 கியர் வண்டிக்கு அதுதான் எல்லை. கடையில் விற்கும் மலிவான அளவிகள் பல, ரோலருக்குள் இருக்கும் ஆட்டத்தையும் சேர்த்து அளந்து, நல்ல செயினையும் தேய்ந்தது என்று காட்டும். ரோலரை ஒரே பக்கமாகத் தள்ளி மூன்று இடத்தில் தொடும் அளவி வாங்கு.

செயின் நீள்கிறது என்கிறோம், ஆனால் இரும்பு நீள்வதில்லை. பின்னும் உள் தகடும் உராயும் இடத்தில் மணல் போய்த் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் துளி ஆட்டம் சேர்கிறது. அந்த நீண்ட செயின் கேசட்டின் பல்லை மேலே மேலே ஏறிக் கடித்துத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் நீ அதிகம் ஓட்டிய இரண்டு மூன்று பல்சக்கரத்தில் மட்டும் குதிக்கும். அப்போது கேசட்டும் போயிற்று. அரை சதவீதத்திலேயே மாற்றினால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயினைத் தாங்கும். உன் ஊர்ச் சேற்றில் இதுதான் பெரிய மிச்சம். சேறு படிந்த செயினின் மேலேயே ஆயில் விடாதே. அது மணலோடு சேர்ந்து அரம் போல் அரைக்கும். துடை, கழுவு, காயவிடு, ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே ஒட்டியதை முழுக்கத் துடைத்துவிடு. 12 கியர் செயினின் இணைப்புக் கண்ணியைக் கழற்றினால் புதிது போடு. ஸ்ராம், ஷிமானோ இரண்டுமே அதை ஒருமுறைக்கு மட்டும் என்றுதான் கொடுக்கின்றன.

செயின் சரியாக இருந்தால் ஹேங்கர். ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அளவியை மாட்டிச் சக்கரத்தின் ரிம்மை நான்கு இடத்தில் பார். ரிம்முக்கும் அளவிக்கும் இடைவெளி எங்கும் 4 மில்லிமீட்டருக்கு மேல் மாறக் கூடாது. 12 கியருக்கு அதிலும் பாதி இருந்தால்தான் நான் விடுவேன். யூடிஹெச்சைக் கழற்றும்போது ஒன்றை மறந்துவிடாதே: அந்த போல்ட்டுக்கு இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், பலத்தைக் கூட்டினால் மரை போய்விடும். வலப்பக்கம் திருப்பிக் கழற்று. திரும்ப இறுக்கும்போது 25 நியூட்டன் மீட்டர்.

அதுவும் நேராக இருந்தால் கேபிள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தொய்வு, கேபிளை இறுக்கும் பேரல் திருகைக் கால் சுற்று இறுக்கினால் போதும். சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் உறைக்குள் உரசல். பெரும்பாலும் டெரெய்லியருக்குள் நுழையும் கடைசித் துண்டு உறையில்தான் சேற்றுத் தண்ணீர் தங்கும். அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பார், முழுக் கேபிளையும் பிடுங்காதே.

டிரான்ஸ்மிஷன் போட்டால் இதெல்லாம் தீருமா என்று கேட்டாய். ஹேங்கர் வளைவது தீரும், டெரெய்லியரின் எல்லையைக் கட்டும் லிமிட் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பதும் தீரும். செயின் தேய்வது தீராது, மணலுக்கு எல்லாச் செயினும் ஒன்றே. அதைப் பொருத்துவதில் தவறு நடப்பது செயின் நீளத்தில். உன் ஃபிரேமுக்குரிய கண்ணி எண்ணிக்கையை அட்டவணையில் பார்த்து வெட்ட வேண்டும், கண்ணளவு உதவாது. 21 பல் உள்ள சக்கரத்தில் செயினை வைத்து, டெரெய்லியரைப் பின்னுக்கு இழுத்துத் தொய்வை எடுத்த பிறகே 35 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். சும்மா கையால் இறுக்கிவிட்டு ஓட்டினால் அது ஃபிரேமில் நகர்ந்து எல்லாக் கியரும் கோணும்.

மழைக்கால வண்டிக்கு என் யோசனை வேறு. ஷிமானோவின் லிங்க்கிளைட் வகையைப் பார். எக்ஸ்டி எம்8130 வரிசையில் 11 கியர், டியோர் வரிசையில் 10. பல் தடிமன், கனமும் கூடுதல், கேசட் மூன்று மடங்கு உழைக்கும் என்று ஷிமானோ சொல்கிறது. பழைய ஹெச்ஜி ஃப்ரீஹப்பிலேயே ஏறும். ஷிஃப்டர், டெரெய்லியர், கேசட் மூன்றையும் ஒரே வகையாக வாங்க வேண்டும். பழைய 11 கியர் ஷிஃப்டரோடு கலந்தால் கேபிள் இழுப்பு பொருந்தாது. வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் சேற்றில் ஓட்டுபவனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஷாக்குக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படி, இதில் ஆபத்தும் இருக்கிறது.

காற்று ஷாக்கில் இரண்டு அறை உண்டு. ஒன்று உன்னைத் தாங்குவது, இன்னொன்று எதிர்ப்பக்கமிருந்து உள்ளே இழுத்து, தொடக்க அசைவை மென்மையாக்குவது. இடையில் பிஸ்டன் சீல். ஷாக் அமுங்கும் பயணத்தின் ஓர் இடத்தில் இருக்கும் சிறு வழி மட்டும் இரண்டையும் சமன் செய்யும். அந்த சீல் தேய்ந்தால், ஷாக் ஆழமாக அமுங்கும்போது தாங்கும் அறையின் காற்று எதிர் அறைக்குள் நழுவுகிறது. பிறகு அது உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீ அடிக்க அடிக்க எழாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உறுதி செய்வது எளிது: வண்டியைத் தூக்கிப் பிடித்து, ஷாக்கின் இரு போல்ட்டுக்கும் இடையே நடுவிலிருந்து நடுவுக்கு அள. 230 ஷாக் என்றால் 230 இருக்க வேண்டும். 222, 224 என்று காட்டினால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

காற்றை மெதுவாக முழுக்க விடு. வண்டியைக் கொஞ்சம் அமுக்கி எழுப்பி மறுபடி விடு, எதிர் அறையும் காலியாக வேண்டும். இப்போது கையால் இழுத்தால் ஷாக் முழு நீளத்துக்கு வருகிறதா? வந்தால் சீல் கிட் மாற்றலாம். வராமல் உள்ளேயே பிடித்துக்கொண்டால் காற்றுக் குடுவையைத் திருகவே கூடாது, முரளி. உள்ளே அடைபட்ட அழுத்தத்தோடு மரை விடுபடும் கணத்தில் குடுவை பறந்து வந்து அடிக்கும். அப்படியே கழற்றி, ஷாக் வேலை தெரிந்த பட்டறைக்கு அனுப்பு.

குடுவை கழன்றால் உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார். மசகுக்கான கொஞ்சம் கறுப்பு எண்ணெய் இயல்பு. கொட்டும் அளவு இருந்தால் அசைவை மட்டுப்படுத்தும் எண்ணெய்ப் பகுதியான டேம்பரின் சீல் கசிகிறது, வெளி சீல் மாற்றிப் பயனில்லை. எழும் வேகத்தைக் கட்டும் ரீபவுண்ட் குமிழை எத்தனை கிளிக் இறுக்கினாலும் ஷாக் துள்ளி எழுகிறது, அமுக்கும்போது களக் களக் என்று நீர் குலுங்கும் சத்தம் வருகிறது என்றால் எண்ணெயில் காற்று கலந்துவிட்டது, அதுவும் பட்டறை வேலைதான். சீலை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம். பள்ளத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது சீலும் கசியும். பிளாஸ்டிக் குச்சி பயன்படுத்து. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, ஷாக்குக்கென்றே உள்ள கிரீஸை மெல்லப் பூசு, சாதாரண பேரிங் கிரீஸ் சீலை உப்பவைக்கலாம்.

காற்றடிக்கும்போது ஒவ்வொரு 50 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் நிறுத்தி, பயணத்தின் முதல் கால்பகுதியில் பத்து முறை அமுக்கி எழுப்பு. அப்போதுதான் இரு அறையும் சமனாகும். பம்பைக் கழற்றும்போது கேட்கும் 'புஸ்' குழாயில் இருந்த காற்று, ஷாக்கினுடையது அல்ல. பிறகு முழு உடை, தண்ணீர்ப் பையோடு ஏறி உட்கார்ந்து, உன் எடையில் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்ற சேக் அளவைப் பார். 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு (முழுதாக அமுங்கும் தூரம்) 30 சதவீதம் என்றால் 18 மில்லிமீட்டர். சேக் சரியாக இருந்தும் அடிக்கடி கடைசிவரை இடித்தால் காற்றைக் கூட்டாதே, காற்று அறையைச் சிறிதாக்கும் ஸ்பேசர் ஒன்றை உள்ளே போடு.

ஷாக்கை இரண்டு வருடமாகத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஷாக் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் காற்றுக் குடுவைக்கு 50 மணி நேரம், டேம்பருக்கு 200 மணி நேரம் என்கிறது. ஃபாக்ஸ் 125 மணி அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. உன் சேற்றில் இரண்டிலும் குறைந்ததையே கணக்கில் வை. ஃபோர்க்கின் கீழ்க்காலையும் சேர்த்துச் செய்துவிடு. அதே ஐம்பது மணி நேரம்தான்.

அடுத்த கடிதத்தில் மூன்று எண் எழுது: 24 பின்னுக்கு எத்தனை மில்லிமீட்டர், ஷாக் போல்ட்டுக்கு போல்ட் எத்தனை, பார்த்துவைத்திருக்கும் ஃபிரேமின் ஷாக் அளவு எது. அவை வந்தால் எந்தப் பாகம், எந்த சீல் கிட் என்று பெயர் சொல்லி எழுதுகிறேன். அதுவரை அந்த ஷாக்கோடு பெரிய இறக்கத்துக்குப் போகாதே. குழந்தைகளுக்கு என் அன்பு.

உன்,
சேகர்