எள்ளுப்பாட்டியின் படம் வந்த வழியைக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டிலிருக்கும் எள்ளுப்பாட்டியின் எண்ணெய் வண்ணப் படம் யார் யாரிடம் இருந்து, எப்படி எங்களிடம் வந்து சேர்ந்தது என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. நான் தனியாகத் தேடியிருந்தால் இதில் கால்வாசிகூடக் கிடைத்திருக்காது. உதவியவர்களுக்குத் தனித்தனியாக எழுதிவிட்டேன். ஆனாலும் உங்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. ஒருவர் கொடுத்த துப்பு இன்னொருவர் கையில் எப்படிப் பலித்தது என்று நீங்கள் எல்லோரும் அறிய வேண்டும் என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி அத்தைக்கு. வெளிச்சட்டத்தில் பதித்த பித்தளைத் தகட்டில் தாத்தாவின் குடும்பப் பெயர் இருப்பதால், படம் தாத்தா வழி வந்தது என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். "அது என் அம்மா பக்கத்துப் படம். கைவிட்டுப் போனதை அப்பா தேடிப்பிடித்து வாங்கிவந்தார், தகடு அதற்கப்புறம் அடித்தது" என்று நீங்கள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், அத்தை. பாட்டிக்கு அவருடைய அக்கா எழுதிய கடிதத்தையும் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அம்மா கொடுத்த படத்தை இனித் தன்னால் வைத்துக்கொள்ள முடியாது, ஏலத்துக்கு அனுப்புகிறேன் என்று அதில் ஒரு வரி. எங்கள் தேடல் முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது.

அடுத்து, ஆவணக் காப்பகத்தில் எனக்கு உதவிய அம்மையாருக்கு. குடும்பப் பெயரை வைத்துத் தேடியபோதெல்லாம் வழி அடைபட்டது. பெண்கள் வழியாக வந்த பொருள் என்றால் மருமகன்களின் பெயரில் தேடுங்கள் என்று நீங்கள் சொன்னபிறகுதான் கதவு திறந்தது. எள்ளுப்பாட்டியிடமிருந்து மகளுக்கு, அவரிடமிருந்து மூத்த பேத்தியான பாட்டியின் அக்காவுக்கு என்று படம் பெண்களின் கையிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயர். கணவர்களின் பெயர் எல்லாக் காகிதங்களிலும் இருக்கிறது, படத்தைக் காப்பாற்றி வந்த இவர்களுடைய பெயர் எங்கோ ஓர் உயிலின் அடியில் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயர்களை எனக்கு மீட்டுத் தந்தது நீங்கள். உயிலில் கொடிபோல் பின்னிக் கிடந்த கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியதற்கும் சேர்த்து நன்றி.

அந்த உயிலோடு இருந்த சொத்துப் பட்டியலில் "பதக்கம் அணிந்த பெண்மணியின் படம், கூடத்தில்" என்று இருந்தது. எங்கள் படத்தில் பதக்கம் இல்லை. கழுத்தில் வெறும் கறுப்பு ரவிக்கை விளிம்புதான். இது வேறு படம் என்று எல்லோரும் தீர்மானித்த இடத்தில் வந்து நின்றவர் ஓவியச் சீரமைப்பு வல்லுநர். புற ஊதா விளக்கின் கீழே படத்தை வைத்தார். வயதான இயற்கைப் பிசின் வார்னிஷ் அந்த ஒளியில் பச்சை கலந்து மினுங்கும், அதன்மேல் பின்னாளில் தீட்டிய வண்ணம் கறுத்துத் தெரியும். முகம், கை, நாற்காலி எல்லாம் மங்கலாக மினுங்க, கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு. அந்தத் திட்டின் வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி கலந்திருந்தது. அந்த வெள்ளை 1920 வாக்கில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. ஆகவே அது எள்ளுப்பாட்டி காலத்துத் தூரிகை இல்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் அதனடியில் பதக்கத்தின் வடிவம் தெளிவாக இருந்தது. சார், அன்று நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, பேச்சே வரவில்லை. படத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டவர்களை நீங்கள் தடுத்ததும் பெரிய உதவி. வெளிச்சட்டத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், படம் தீட்டிய கித்தான் துணியும் அதை இழுத்துக் கட்டிய உள்சட்டமும் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றீர்கள். பழைய படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வருகிறேன்.

உள்சட்டத்தில் இருந்தவற்றைப் படித்தவர் ஏலக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா. அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் பதித்த எழுத்தும் எண்ணும் ஏல நிறுவனத்தின் சரக்கு எண், லண்டனின் கிறிஸ்டீஸ் போன்ற ஏலக்கூடங்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம் என்றார். நீலச் சுண்ணக்கட்டியில் கிறுக்கியிருந்தது ஏல வரிசை எண். 1600 முதல் 1925 வரை நடந்த ஏலங்களின் பட்டியல்களை ஃபிரிட்ஸ் லுக்ட் என்பவர் பல தொகுதிகளாகத் தொகுத்திருப்பதும், எந்தப் பட்டியல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம் என்பதும் ஐயா சொல்லித்தான் தெரியும். பட்டியல் மட்டும் போதாது, வாங்கியவர் பெயரை ஓரத்தில் பேனாவால் குறித்த பிரதி வேண்டும் என்றும் சொன்னார். நூலகத்தில் அப்படி ஒரு பிரதி இருந்தது. எங்கள் வரிசை எண்ணுக்கு நேராக, சற்றே கலைந்த மையில் ஒரு பெயர்.

அந்தப் பெயருக்கு உரியவரின் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பழைய ஓவியத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர் கேட்டாலே யாருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் வரும். நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் குறித்து 1998இல் வாஷிங்டன் மாநாட்டில் 44 நாடுகள் சில நெறிகளை ஏற்றுக்கொண்டன. அதற்குப் பிறகு 1933 முதல் 1945 வரை ஓர் ஓவியம் எங்கே இருந்தது என்ற கேள்வி அருங்காட்சியகங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் விற்றவர் வாங்கியவர் எல்லோரும் நேர்மையாக நடந்த இடத்திலும் அதன் நிழல் விழுகிறது. நீங்கள் தயங்கியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். நீங்களோ குடும்ப ஆல்பத்தையே திறந்து வைத்தீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் புகைப்படத்தில், நின்றுகொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலே, சுவரில் எங்கள் எள்ளுப்பாட்டி. வேறு சட்டம். கழுத்தில் பதக்கம். பதக்கம் மறைந்தது அந்தப் புகைப்படத்துக்குப் பிறகுதான் என்று அதிலிருந்து உறுதியானது. படம் கிழிந்தபோது உங்கள் தாத்தா செலவு செய்து பழுதுபார்த்தார் என்றும் சொன்னீர்கள். எங்கள் குடும்பம் கைவிட்ட படத்தை உங்கள் குடும்பம் ஒரு தலைமுறை பார்த்துக்கொண்டது. வரலாற்றுக் குறிப்பில் உங்கள் தாத்தாவின் பெயரை, நீங்கள் அனுமதித்தபடியே, உரிமையாளர் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து வரிசைப்படுத்திய அண்ணன் மகனுக்கும் என் அன்பு.

தகட்டைக் கழற்றவில்லை, அது தாத்தாவின் பாசம். மேல்வண்ணத்தையும் இப்போதைக்குத் தொடப்போவதில்லை. எள்ளுப்பாட்டி முதல் தாத்தா வரை பெயர்களை எழுதிய தாளை அமிலமில்லா உறையில் போட்டு, படத்தோடேயே வைத்திருக்கிறேன். முழுக் கோப்பின் பிரதி உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். தாத்தா படத்தை வாங்கிய ரசீது மட்டும் இன்னும் அகப்படவில்லை. உறவினர்கள் யார் வீட்டிலாவது பழைய கணக்கு நோட்டு இருந்தால், எறிவதற்கு முன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
படம் இப்போது இருக்கும் வீட்டிலிருந்து