கடை நானாவுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

அந்தப் பின்னேரம் திருகோணமலையில் இடியோடு கொட்டிய ஆலங்கட்டி மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, எல்லோரும்தான் பட்டோம். எங்கள் வீட்டுத் தகரம் போனது போகட்டும். மகள் முழுசாக வீடு வந்து சேர்ந்தாள், எனக்கு அது போதும்.

நிலாவெளி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா, இந்த மடல் உங்களுக்குத்தான். ரியூசன் விட்டு வந்த பிள்ளைகள் வாகை மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது, தலையில் வெறும் பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அந்த ஆலங்கட்டி மழைக்குள் ஓடிவந்து, எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறீர்கள். கடையின் முன்பக்கம் தகரமும் கண்ணாடி அலுமாரியும் என்பதால், பின்னால் கொங்கிறீட் கூரை போட்ட அரிசி மூட்டை அறைக்குள் இருத்தினீர்களாம். கொஞ்ச நேரத்தில் வாகைக் கொப்பு முறிந்து சைக்கிள்களுக்கு மேல் விழுந்தது. மகளின் சைக்கிள் ஹாண்டில் நெளிந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன், அதற்கு மேல் யோசிக்க மனம் வரவில்லை.

அதைவிட எனக்கு மறக்காதது மழை விட்ட பிறகு நீங்கள் செய்ததுதான். வெயில்கூட எறித்துவிட்டதாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போகத் துடித்திருக்கிறார்கள், நீங்களோ வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகட்டும் மகள், அதுவரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டேன்" என்றிருக்கிறீர்கள். இடையில் தூரத்தில் இன்னொன்று முழங்க, மறுபடி முதலிலிருந்து நேரம் பார்த்தீர்களாம். மழை நின்றாலும் 10 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் முகிலில் இருந்துகூட மின்னல் விழும் என்பதை மகள் உங்களிடம்தான் கேட்டு வந்தாள். அப்புறம் அறுந்து கிடந்த கரண்ட் வயருக்குக் கிட்டப் போகாமல், வேறு ஒழுங்கையால் சுற்றி நடத்தி வந்து விட்டீர்கள். கடை திறந்து கிடக்கிறது என்று ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டீர்கள். அல்லாஹ் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறை வைக்கமாட்டான் நானா.

தறப்பாள் தந்த பக்கத்து வீட்டு அக்கா, மரம் வெட்டிய தம்பிமார், இரவிரவாகப் போஸ்டில் நின்ற மின்சார சபை ஊழியர்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொன்னவர், எல்லோருக்கும் நன்றி.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி நமக்குப் புதிதல்ல, ரியூசன் விடுவதும் அந்த நேரம்தான். ஆகவே ஆசிரியர்மாரே, இடி கேட்டால் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். எவ்வளவு பிந்தினாலும் பரவாயில்லை, நான் வந்து கூட்டிப் போவேன், தாய் தகப்பன் வேலையில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து.