எலும்பை ஒட்டவைத்த பிறகு: எலும்பு முறிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

நீங்கள் அறுவை முடித்து அனுப்பும் முதியவர்களை எழுப்பி நிற்கவைத்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்குவது என் தொழில். அந்த உரிமையில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். "எப்போது சரியாகும்?" என்று வீட்டார் கேட்டால், "வயதாகிவிட்டதல்லவா, மெதுவாகத்தான் ஒட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கிறீர்கள். நீங்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கேட்டவர்களோ, இனி நாம் செய்ய ஒன்றுமில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

ஏன் மெதுவாகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அழற்சி எழுந்து, குருத்தெலும்பால் ஒரு மென்மையான பாலம் உருவாகி, அதில் கால்சியம் ஏறிக் கெட்டியாக வேண்டும். வயது ஏற ஏற எலும்பைப் போர்த்திய உறை மெலிகிறது. பழுது பார்க்க வேண்டிய மூல உயிரணுக்கள் குறைகின்றன. புது ரத்தக் குழாய்கள் முளைக்கத் தாமதமாகிறது. வேலை முடிந்ததும் தணிய வேண்டிய அழற்சி தணியாமல் இழுத்தடிக்கிறது. பச்சிளங்குழந்தையின் தொடை எலும்பு மூன்று வாரங்களில் கூடிவிடும். பெரியவர்களுக்கு அதே எலும்பு கூட மூன்று, நான்கு மாதங்களோ அதற்கு மேலோ ஆகிறது.

ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வையும் நினைத்துப் பாருங்கள். கிழ எலியின் ரத்த ஓட்டத்தை இள எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைத்தபோது, கிழ எலியின் முறிந்த எலும்பு முன்னைவிட நன்றாகக் கூடியது. மனிதர்களிடம் செய்யக்கூடிய வைத்தியம் அல்ல இது. இருந்தாலும், முதிய உயிரணுக்களிடம் இன்னும் வேலை வாங்க முடியும் என்ற செய்தி அதில் இருக்கிறது.

எந்த எலும்பு முறிந்தது என்பதும் வயதைப் போலவே முக்கியம். மணிக்கட்டுப் பக்கம் பஞ்சு போன்ற எலும்பு. எண்பது வயதிலும் பெரும்பாலும் ஆறேழு வாரங்களில் கூடிவிடும். தொடை எலும்பின் கழுத்து அப்படியல்ல. அது மூட்டுப் பைக்குள் இருக்கிறது, வெளிப்புறம் பாலம் கட்ட அங்கே உறை இல்லை, எலும்பின் உச்சியில் உள்ள பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் முறிவிலேயே அறுபடக்கூடும். அதனால்தான் பல முதியவர்களுக்குப் பந்தையே மாற்றுகிறீர்கள். இந்த விளக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். அதைச் சொல்லாததால், "ஒட்டவைக்காமல் ஏன் மாற்றினார்கள், பணம் பறிக்கவா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்களுக்காக நான்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது, ஓய்வு. "நன்றாக ஓய்வெடுக்கட்டும்" என்ற உங்கள் ஒரு வரியை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தாயைக் கட்டிலைவிட்டு இறங்கவிடுவதில்லை. நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது. எலும்பு முறிந்தவருக்கு இழப்பு இன்னும் அதிகமாகவே இருக்கும். காலில் முழு எடை போடலாமா, பாதியா, கூடவே கூடாதா என்று தெளிவாக எழுதுங்கள். புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை, குறைந்த புரதம், வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவை எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வயதைக் குறைக்க முடியாது, இவற்றைச் சரிசெய்யலாம்.

என் உண்மையான வருத்தம் இனிமேல்தான். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கைக்கு வரும் டிஸ்சார்ஜ் தாள்களிலோ பிளேட்டின் நீளம் இருக்கிறது, திருகுகளின் எண்ணிக்கை இருக்கிறது, எலும்புப்புரை என்ற சொல் மட்டும் இல்லை. மணிக்கட்டு முறிவுக்கு என்னிடம் பயிற்சி எடுத்த அம்மாக்கள் சில ஆண்டுகள் கழித்து இடுப்பு முறிவோடு திரும்பி வருகிறார்கள். முதல் முறிவை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்து இல்லாமலா? இடுப்பு முறிவுக்கு அறுவை முடிந்து 90 நாட்களுக்குள், எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றி, ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ந்தவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் மரணம் 28 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எலும்பு கூடுவதை இம்மருந்து கெடுத்துவிடும் என்று தயங்குகிறீர்கள். அந்த ஆய்வில் அப்படி நேரவில்லை. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் முதலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் தாளில் திருகுகளின் கணக்குக்குக் கீழே இடம் இருக்கிறது. எலும்பு அடர்த்தியை எப்போது பார்க்க வேண்டும், மருந்தை எப்போது தொடங்க வேண்டும் என்று அங்கே எழுதுங்கள். நீங்களே தொடங்க விருப்பமில்லை என்றால், எந்தத் துறை மருத்துவரிடம் போக வேண்டும் என்றாவது எழுதி அனுப்புங்கள். காலில் எவ்வளவு எடை போடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் நான் யாரையும் எழுப்பி நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்