சிங்களம் பேசத் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பயங்கரவாதத்தை அடக்கச் சட்டத்தில் பலம் போதாது என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது பயங்கரவாதத் தடைச் சட்டம் ஏறக்குறைய 40 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. முன்கூட்டியே தகவலும் கிடைத்திருந்தது. அதைக் கொண்டு உரியவர்கள் செயற்படவில்லை என்றே 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வலுவாகத்தான் இருந்தது.

அது வலுக்காட்டும் இடம் 16ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது. இச்சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்தால் செல்லும். மிரட்டி வாங்கினார்கள் என்றால் பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். சிங்கராசா என்ற தமிழரின் வழக்கில், அவர் தமக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சான தாளில் வைத்த கைநாட்டே 35 ஆண்டுச் சிறையானது. 2022 திருத்தம் தடுப்புக் காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது; 16ஆம் பிரிவைத் தொடவில்லை. மாற்றுச் சட்டம் எதுவானாலும் இப்பிரிவு அதில் இருக்கவே கூடாது.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் இந்த ஆபத்து வேறு விதமாக வரும். கடையிலும் பஸ்ஸிலும் சரளமாகச் சிங்களம் பேசும் தோட்டத்து இளைஞர் பலருக்கு அதை வாசிக்க வராது. "சிங்களம் தெரியுமா?" என்றால் "தெரியும்" என்பார்கள், அந்த ஒரு சொல்லே பதிவாகிவிடும். "பேசுவேன், வாசிக்கத் தெரியாது" என்று சொல்லி, அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்கவும், தன் கைப்படவே எழுதவும் 2006ஆம் ஆண்டு ஜனாதிபதிப் பணிப்புரை இடமளித்தது. கைது செய்தவரின் பெயர், தரம் குறித்த பற்றுச்சீட்டை உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்றதும் அதுவே. கேட்டு வாங்குங்கள்.

கைதையும் தடுத்து வைத்த இடத்தையும் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பொலிஸாரின் சட்டக் கடமை. அதை நம்பிக் காத்திராமல், குடும்பத்தார் அன்றே ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். கண்டியிலும் பதுளையிலும் அலுவலகங்கள் உண்டு. முறையிடும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன் (தோட்டப் பிரிவு), லய (வரிசைக் குடியிருப்பு) இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள்.

தோட்டத் தலைவர் வீட்டுக்கும் தொழிற்சங்க அலுவலகத்துக்கும் அலைவதிலேயே நாள் போய்விடுகிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டைப் பத்திரமாக வையுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்