வலது கமாண்ட் விசையை எனக்கு வாங்கித் தந்தவர்களுக்கு

வணக்கம்.

மேக்குக்குள் விஎம்வேர் ஃபியூஷன் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் விண்டோஸை ஓட்டி, திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு வேலை பார்க்கும் பார்வையற்றவன் நான். அலுவலக மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால் வேறு வழியில்லை. இன்று அந்த வேலை தங்குதடையில்லாமல் நடக்கிறது. உதவியவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

என்விடிஏவின் கட்டளைகள் பெரும்பாலும் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டுவதுதான். பிடிக்க வேண்டிய விசைக்கு ‘என்விடிஏ விசை’ என்று பெயர், அது இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக். மேக்புக்கில் இன்சர்ட் கிடையாது. கேப்ஸ் லாக்கை மேக் ஒரு சுவிட்சைப் போல நடத்துகிறது. அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்ற சேதி உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. சன்னலின் தலைப்பைக் கேட்கலாம் என்று ‘டி’யைத் தட்டினால், ஆவணத்தின் நடுவில் ஒரு ‘டி’ வந்து விழும். எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

“நீங்க விடுங்க, மவுஸ்ல நானே முடிச்சுத் தர்றேன்” என்று அலுவலகத்தில் பலர் சொன்னார்கள், நல்ல மனசோடுதான். பக்கத்து இருக்கை அண்ணே, நீங்கள் மட்டும்தான் அப்படிச் சொல்லவில்லை. திரையின் வெளிச்சத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, “சத்தத்தைக் கூட்டு தம்பி, எனக்கும் கேக்கட்டும்” என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வீட்டிலிருந்து பழைய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். அதிலிருந்த இன்சர்ட்டோடு 1-ஐ அழுத்தி, தட்டும் விசையின் பெயரை என்விடிஏ சொல்லும் உதவி நிலையைத் திறந்தோம். அப்புறம் மேக்கின் விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டோம். கமாண்டைத் தொட்டதும் “விண்டோஸ்” என்றது. ஸ்டார்ட் மெனுவுக்கு இடது பக்கக் கமாண்ட் போதும், வலது பக்கத்தது சும்மாதானே கிடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். பிரச்சினையை என் காது வழியாகவே பார்த்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

ஷார்ப்கீஸைச் சொல்லிக்கொடுத்தது போனில் வந்த கல்லூரித் தம்பி. சின்ன மென்பொருள், இலவசம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் பதிவேட்டில், எந்த விசையை எந்த விசையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ‘ஸ்கேன்கோட் மேப்’ என்ற மதிப்பை எழுதிவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. வலது விண்டோஸ் விசையின் குறியீடு இ0 5சி, இன்சர்ட்டின் குறியீடு இ0 52. முதலாவது இரண்டாவதாக வேலை செய்யும்படி இரண்டையும் பட்டியலில் தேர்ந்து, பதிவேட்டில் எழுதச் சொல்லி, விண்டோஸை மறுபடி தொடங்கினால் முடிந்தது, வலது கமாண்ட் இன்சர்ட் ஆகிவிடும். கடவுச்சொல் கேட்கும் திரையிலும் இந்த மாற்றம் வேலை செய்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். அலுவலகத்தில் கணினியைத் திறந்துவிட யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர், பார்வையற்றோருக்குக் கணினி சொல்லித்தரும் அக்கா. என்விடிஏ விசையும் டேப்பும் சேர்த்தால் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கோ மேக்கின் வேறு மென்பொருளுக்குத் தாவிக்கொண்டிருந்தது. வெளியே இருக்கும் மேக்குக்கு அது கமாண்டும் டேப்பும்தானே! என்விடிஏ விசையோடு ‘கியூ’வைத் தட்டினால் என்விடிஏ மூட வேண்டும், ஆனால் அது ஃபியூஷனையே மூடிவிடும். அக்கா கேட்டதுமே புரிந்துகொண்டார். ஃபியூஷன் விருப்பங்களில் மேக்கின் குறுக்குவழிகளை நிறுத்தச் சொன்னார். என்விடிஏ அமைப்பில் லேப்டாப் விசைத் தளவமைப்புக்கு மாறச் சொன்னார், மேக்புக்கில் எண் விசைகள் தனியாக இல்லையே. விண்டோஸுக்குள் போகுமுன் கமாண்டும் எஃப்5-உம் அழுத்தி, மேக்கின் சொந்தத் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை நிறுத்தும் பழக்கமும் அவர் தந்ததுதான். இல்லாவிட்டால் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசும். அக்கா, நீங்கள் பட்ட பாட்டை எல்லாம் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தீர்கள்.

2006-இல் என்விடிஏவைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனுக்கும், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேக்கும் இங்கே நன்றி சொல்ல ஆசை. இருவருமே பார்வையற்றவர்கள். அவர்கள் காசு கேட்காமல் கொடுத்ததால்தான் தமிழிலும் ஆங்கிலத்திலும் என் மடல்களை நானே படிக்கிறேன்.

இதே ஏற்பாடு தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள். என் பதிவேட்டுக் கோப்பை அப்படியே அனுப்புகிறேன். போனில் கூடவே இருந்து, இன்சர்ட் பேசும்வரை பார்த்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி