வேட்டைக்குப் போகிறவளை என்ன சொல்லி எழுதுவது?

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாவலில் வில்லெடுத்துக் காட்டுக்குள் போகிற பெண்ணை எந்தச் சொல்லால் குறிப்பது என்று கேட்டிருந்தாய். 'வேட்டைக்காரி' என்று எழுதிப் பார்த்தாயாம், ஒட்டவில்லையாம். ஒட்டாதுதான். வேலைக்காரி, பூக்காரி, கூத்துக்காரி என்று 'காரி' சேர்ந்த சொற்களில் மரியாதை ஒரு படி இறங்கியே நிற்கும். போதாததற்கு, வசூல் வேட்டை, ஓட்டு வேட்டை என்று பேச்சில் 'வேட்டை'க்குச் சுருட்டுகிற வாடையும் ஏறிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் ஆளை வளைத்துப் போடுகிறவள் என்றுதான் காதில் விழும். 'வேட்டைக்காரர்' என்றால் மரியாதை வரும். கூடவே வாசகர் மனத்தில் மீசையும் முளைத்துவிடும்.

பழஞ்சொல்லுக்குப் பஞ்சமில்லை: பாலை நில வேட்டுவனான எயினனுக்கு எயிற்றி, குறவனுக்குக் குறத்தி, வேடனுக்கு வேடிச்சி. ஆனால் இவை வேட்டையாடுகிறவளைச் சொல்வதில்லை. அந்தக் குடியில் பிறந்தவளைச் சொல்கின்றன. அருணகிரிநாதர் முருகனை 'வேடிச்சி காவலன்' என்கிறார். அந்த வேடிச்சி வள்ளி. அவள் நிற்பது தினைப்புனத்துப் பரணில், கவணோடு. குறிஞ்சிப்பாட்டுத் தலைவியின் கையிலும் தழல், தட்டை, குளிர் எனக் கிளி ஓட்டும் கருவிகள்தாம். வில்லும் நாய்களும் அவளைப் பார்க்க வருகிறவனுடையவை.

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் வரும் இடத்தை மட்டும் நிதானமாகப் படி. உளிபோன்ற இரும்பு முனை பூட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் குத்திப் புரட்டுகிறார்கள், உடம்பெல்லாம் புழுதி. கிடைத்த புல்லரிசியை நிலத்தில் குழித்த உரலில் இட்டுக் குட்டை உலக்கையால் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீர், விளிம்பு உடைந்த பானை, முரிந்த அடுப்பு, சோற்றோடு வாடூன், அதாவது உலர்ந்த இறைச்சி. முற்றத்து விளாமரத்தில் பட்டை தேய்ந்திருக்கிறது, பார்வை மானைக் கட்டிக் கட்டி. பார்வை மான் என்பது காட்டு மானை மயக்கிக் கூட்டிவரப் பழக்கிய மான். வேட்டைக்கான முக்கியக் கருவியே இவள் வாசலில்தான் நிற்கிறது. அதற்குத் தழை போட்டவர் யார், தண்ணீர் காட்டியவர் யார் என்று பாட்டு சொல்லவில்லை. உன் நாவல் சொல்லலாம்.

பெண் கையில் வில் ஏறுகிற இடம் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி. எயினர் குடிக் குமரிக்கு அவர்கள் தெய்வமான கொற்றவையின் கோலம் கட்டுகிறார்கள். சிறிய வெள்ளரவின் குட்டியை நாணாகச் சுற்றிக் கூந்தலை நெடுமுடியாக்குகிறார்கள். பன்றிக் கொம்பைப் பிடுங்கிப் பிறைபோல் சாத்துகிறார்கள். புலிப்பல்லைக் கோத்துத் தாலி, புலித்தோலில் மேகலை. கடைசியில் வில்லைக் 'கையகத்துக் கொடுத்து'க் கலைமான்மேல் ஏற்றுகிறார்கள். அந்தச் சொல்லைக் கவனி: கொடுத்து. அவள் எடுக்கவில்லை, நாண் இழுக்கவும் இல்லை. அவளுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? பாவை, கிளி, பந்து, பெண்பிள்ளைகள் ஆடும் கழங்குக் காய்! மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் தேவி சிங்கத்தின் மேலிருந்து வில்லை வளைக்கிறாள்; ஆனால் அது போர், வேட்டையல்ல.

நிஜத்தில் பெண்கள் பிடித்தார்கள், பிடிக்கிறார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர் பெண்கள் வயலில் எலி பிடிப்பதைப் பார். வளையின் மற்ற வாய்களை முதலில் மண்ணால் அடைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் புகையும் எலியும் அவ்வழியே போய்விடும். அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ வைத்து, பானை வாயை வளையோடு சேர்த்து, துளையில் உதடு வைத்து ஊதுவார்கள். உதடு சுடும், புகை நெஞ்சுக்குள் ஏறும். தடம் பார்ப்பது, வழி அடைப்பது, காத்திருப்பது எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் ஊர் வாயில் பெரும்பாலும் அது 'எலி பிடிக்கப் போயிருக்கா' என்பதுதான். 'வேட்டை'யை வில்லும் நாயும் துப்பாக்கியும் வைத்திருந்தவனுக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை. குறத்தி, வேட்டுவச்சி என்று அலங்காரத்துக்காக எழுதாதே. குறவரும் வேட்டுவரும் இன்றும் வாழ்கிற சமூகங்கள். சாதிப்பெயரின் பெண்பால் வடிவம் பல ஊர்களில் வசவாகவே எறியப்படுகிறது. கதை இன்றைய தமிழ்நாட்டில் நடந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. முயல் அடித்தாலும் வழக்குதான். அந்தப் பயம் அவள் நடையில் தெரிய வேண்டும்.

எயிற்றி என்ற சொல் சங்க காலக் கதைக்குப் பொருந்தும், அதுவும் குடிப்பெயராக மட்டும். உன் கதைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்பேன். தமிழ் வினைமுற்றிலேயே பெண் இருக்கிறாள்: தடம் பார்த்தாள், காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைத் தூவிப் பார்த்தாள், எய்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் 'அந்த வேட்டைக்காரி' பதினொரு தடவை வருகிறாள். பதினொன்றையும் அடித்துவிட்டுப் படித்துப் பார்.

அன்புடன்,
அக்கா