சொட்டு மருந்து விடும் கைகளுக்கும் தடுப்பூசி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோகனூர் பக்கம் 22 வருடமாக முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். குஞ்சு இறங்கிய ஏழாம் நாள் அதன் கண்ணில் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு விடுவோம். அப்புறம் கம்போரோ, அம்மை என்று மற்றக் கோழி நோய்களுக்கும் முட்டை வைக்கும் பருவம் வரைக்கும் தடுப்பு மருந்து தொடரும். அந்தச் சொட்டை விடுகிற பெண்களுக்குச் சாதாரண ஃப்ளூ ஊசிகூடப் போட்டதில்லை என்பது போன வருடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

போன ஐப்பசி மழையில் எங்கள் பண்ணையில் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறிய பிறகுதான் வேறு ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்தார்கள். எச்1என்1. மனிதர்களிடம் வருடாவருடம் சுற்றும் காய்ச்சல்தான், கோழியிடமிருந்து வந்ததல்ல. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று டாக்டர் சொன்னபோது என்னால் அந்த அம்மாவின் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே நாமக்கல்லில் நாங்கள் பேசியதெல்லாம் முட்டை விலையைப் பற்றித்தான். ஆனால் அந்தக் காய்ச்சலைத் தரும் எச்5என்1 கிருமி 1997லேயே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றிருக்கிறது. இன்ஃப்ளூயன்சா கிருமியின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே உடம்பில் மனிதக் காய்ச்சலும் பறவைக் காய்ச்சலும் சேர்ந்தால் துண்டுகள் இடம் மாறிப் புதுக் கிருமி பிறக்கலாம். சாதாரண ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் சந்திக்கும் வாய்ப்பைக் குறைக்கும். பண்ணையாட்களுக்கு அதை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

புதுக் கிருமி வந்த பிறகு ஊசி செய்துகொள்ளலாம் என்று இருக்க முடியாது. 2009 ஏப்ரலில் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் தயாரான முதல் தடுப்பூசி 2010 ஜூனில்தான் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய்க் கட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பங்கு இன்றும் கோழி முட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. எங்கள் கூண்டு முட்டை அதற்கு உதவாது, சேவல் சேராத முட்டையில் கரு இருக்காது. அடைகாத்து பத்துப் பதினோரு நாளான கருமுட்டைக்குள் கிருமியைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் வளரவிட்டு எடுக்க வேண்டும். எச்5என்1 அந்தக் கருவையே கொன்றுவிடும். அதனால் அதன் வீரியத்தை ஆய்வகத்தில் நீக்கித்தான் பயன்படுத்துகிறார்கள். அதோடு, முட்டை கொடுக்கிற கோழிகளே பறவைக் காய்ச்சலில் செத்தால் என்ன செய்வது? ஒரு பண்ணைக்காரனாக எனக்கு இது பெரிய பயம். முட்டை தேவைப்படாத, செல் வளர்ப்பில் செய்யும் தடுப்பூசிக்கு நம் நாடு இப்போதே பணம் போட வேண்டும்.

பின்லாந்தில் 2024ல், மனிதர் ஒருவருக்கும் நோய் வராதபோதே, கோழிப்பண்ணை ஆட்களுக்கும் தோலுக்காக விலங்கு வளர்க்கும் பண்ணை ஆட்களுக்கும் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியை அரசு கொடுத்தது. ஹரியானாவில் 2021ல் ஒரு சிறுவனும், ஆந்திராவில் 2025ல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் எச்5என்1ஆல் இறந்திருக்கிறார்கள். நம்மிடம் வராது என்று எந்தத் தைரியத்தில் இருக்கிறோம்?

இந்த வருடம் என் பண்ணையில் உள்ள 14 பேருக்கும் நானே பணம் கட்டி ஃப்ளூ ஊசி போட்டேன். ஒருவருக்கு ஆயிரத்துக்கு மேல் ஆனது. பீகாரிலிருந்து வந்து கூலி வேலை செய்கிறவர் தன் பணத்தில் இதைப் போட்டுக்கொள்வாரா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நாமக்கல் மாவட்டப் பண்ணையாட்கள் எல்லோருக்கும் அரசு இலவசமாக ஊசி போட வேண்டும். காய்ச்சலோடு வருகிறவரிடம் கோழிப்பண்ணையில் வேலையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்றே சளி மாதிரி எடுத்து, அன்றே ஓசெல்டாமிவிர் கொடுக்க வேண்டும். முகாம் நடத்த இடம் வேண்டுமென்றால் என் தீவனக் கிடங்கைத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கோழிப்பண்ணையாளர்,
மோகனூர், நாமக்கல் மாவட்டம்.